இருபத்தாறு விளக்கு

ருஸ்தாக்கிலிருந்து உள்ளே நாற்பது நிமிடம்.
பெயர்ப்பலகை இன்னும் வரவில்லை.
எங்கள் வேலைச்சீட்டில்:
'கோபுரம், மண், நான்கு தளம். விளக்கு இருபத்தாறு.'

வாசல் தரையில் இல்லை.
இரண்டு ஆள் உயரத்தில், குனிந்து நுழையும் அளவில்
வைத்திருக்கிறார் கல்ஃபான்.
கயிற்றேணியை உள்ளே சுருட்டிக்கொண்டால் சரி,
பூட்டு வேண்டாம்.

யாருக்குப் பயந்து என்று கேட்டேன்.
காவலர் ஹமூத் தாடியால் எதிர்க்கரையைக் காட்டினார்.
ஃபலஜ் வாய்க்காலுக்கு அப்பால்
பாதி கரைந்த சுவர். தம்பி சைஃப் இருந்த வீடு.
ஒரு நட்சத்திரம் எழுந்து அடுத்தது எழும்வரை
தண்ணீர் யாருக்கு என்பதில் பிசகு.
அதற்கு இவ்வளவு மண்.
அதற்கு ஏழு துப்பாக்கித் துளைகள்,
ஏழும் ஒரே திசை பார்த்து.

(சித்தப்பா வீட்டுப் பக்கம்
நாங்கள் ஜன்னலே வைக்கவில்லை.
அதை நான் சொல்லவில்லை.)

சுவரைத் துளைக்கக் கூடாது, ஆணி கூடாது.
பிறகு கேபிளை எப்படி இறக்க?
வாசலுக்கு நேர் மேலே பிதுங்கிய மாடத்தில்
ஒரு பொத்தல் இருந்தது:
வருகிறவன் தலையில்
கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்ற.
மூன்று கோர் ஒயர் அளவெடுத்ததுபோல் இறங்கியது.
விரலை விட்டு முகர்ந்து பார்த்தேன். மண்தான்.

"ஊற்றினார்களா?"
"பாகு என்ன விலை தெரியுமா?
கொதிக்க வைத்தார்கள். வாசனை அக்கரைக்குப் போனது.
அவ்வளவுதான்."

வியாழக்கிழமை. கடைசி விளக்கை மாட்டி
ஸ்விட்சைத் தட்டிவிட்டு
இறங்க வந்தால் ஏணி இல்லை.
பிஷ்ணு தாபா அதை வண்டியில் போட்டுக்கொண்டு
நிஸ்வா போய்விட்டான்.
சூப்பர்வைசர் சாக்கோ போனில் சிரித்தார், திட்டினார்,
"இஷா கழிஞ்ஞு வண்டி வரும், அவிடெத் தன்னெ இரி."

இருந்தேன்.
வாசலில் காலைத் தொங்கப் போட்டு.
ஒன்பது வருடத்தில் நான் படுத்த அறைக்கெல்லாம்
இன்னொருவரிடம் ஒரு சாவி இருந்தது.
எந்நேரமும் யாராவது தட்டலாம்,
தட்டாமலும் வரலாம்.
இங்கே என்னிடம் வர ஒருத்தருக்கும் வழியில்லை.
கல்ஃபான் என்ன கட்டினார் என்று
அரைமணி நேரம் புரிந்த மாதிரி இருந்தது.

பிறகு தாகம்.
பாட்டில் பையில், பை வண்டியில்.
கீழே வாய்க்கால் ஓடுகிற சத்தம்
சுவரேறி அப்படியே காதுக்கு வருகிறது.
தண்ணீருக்காகக் கட்டியவர்
உள்ளே ஒரு கிணறு தோண்டவில்லை.

இருபத்தாறும் எரிய, அக்கரை இடிந்த வீடு வரை வெளிச்சம்.
அந்தப் பக்கமிருந்துதான் வந்தார் ஹமூத்.
பொத்தல் வழியே தொங்கிய கேபிள் நுனியில்
ஒரு பாட்டிலைக் கட்டி, இரண்டு முறை சுண்டினார்.
மாடத்துக்கு ஏறி இழுத்தேன். குளிர்ந்திருந்தது.

"நீங்கள் அண்ணன் வழியா, தம்பி வழியா?"
பொத்தலில் வாய் வைத்துக் கத்தினேன்.
காதில் விழவில்லையோ என்னவோ,
"மூடியைக் கீழே போடாதே" என்றார்.