சேர்மக்கனிக்கு, வாங்குமுன்

ஏட்டி சேர்மக்கனி,
பெட்டியில் ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு என்று போட்டிருந்தால்
அந்தக் கடையைவிட்டு இறங்கிவிடு.
நான் இறங்கவில்லை.
என் முதல் டெலஸ்கோப் இப்போது பரணில்
உடைந்த மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
அதன் முக்காலி பணகுடிக் காற்றில்
சாமி வந்ததுபோல் ஆடும்.
நிலாவைக்கூட ஒரு நிமிஷம் நிற்கவிடாது.
சவத்தைத் தள்ளு.

மடங்கைக் கேட்காதே, வாயைக் கேள்.
எட்டு அங்குலக் கண்ணாடி,
தரையில் உட்கார்ந்து திரும்புகிற பலகைப் பீடம்.
குழாய் பத்துக் கிலோ, பீடம் அதற்குக் கொஞ்சம் மேலே.
தண்ணீர்க் கேனை இடுப்பில் வைத்து
மாடி ஏறுகிறவளுக்கு இது இரண்டு நடை.
மூட்டு வலிக்கிற நாளும் ஏறுவாயா என்று மட்டும்
இப்போதே யோசி.
ஏறாத எட்டைவிட
ஏறுகிற ஆறு நிறையக் காட்டும்.

சீட்டுப் பணத்தில் மிச்சம் இருக்கிறதே என்று
வில்லைகளைப் பெட்டியோடு வாங்காதே.
பச்சை, ஊதா, மஞ்சள் ஃபில்டர் எல்லாம்
திருவிழாக் கடை வளையல்.
கூடவே வருகிற இருபத்தைந்து நல்லது.
கூடவே வருகிற பத்துக்குத் துவாரம் சின்னது,
கண்ணாடி போட்ட நமக்கு ஒட்டி வைத்தாலும் பாதிதான் தெரியும்.
கண்ணைத் தள்ளி வைத்தாலும் தெரிகிற வகை உண்டு,
விலை கூட; ஆறு மாசம் போகட்டும்.
முதலில் உயரம் மாற்றுகிற ஒரு ஸ்டூல் வாங்கு.
குனிந்து நின்று சனியைப் பார்க்கிறவள்
தன் இடுப்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

நாற்பது மில்லிமீட்டர் வேண்டவே வேண்டாம்.
இருட்டில் ஏழு வரை விரியுமாம் கண்மணி,
இருபது வயதில்.
நமக்கு ஐம்பத்து மூன்று. ஐந்தைத் தாண்டாது.
அதிலிருந்து வருகிற வெளிச்சம் நம் கண்ணைவிட அகலம்,
மிச்சம் உள்ளே நுழையாமல் வீணாகும்.
இதைத் தெரிந்துகொண்ட அன்று
விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சிவப்பு டார்ச் தனியாக விற்கிறார்கள்.
வீட்டு டார்ச்சில் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு போதும்.
எங்களூரில் சிவப்புக்கா பஞ்சம்?
தெற்கே அத்தனை காத்தாடியும்
ஒரே மூச்சில் இமைக்கிறது ராத்திரி முழுக்க.
அந்த இறக்கைகளுக்கு மேலே, சித்திரையில்,
கறுப்புச் சேலையில் ரவை சிந்தினாற்போல் ஒரு கொத்து.
டெல்லிக்காரர்களுக்கு அது மரத்துக்குள் கிடக்கும்.
நமக்கு ஏறி வந்து நிற்கும்.
ஆனியில் சாரல் தொடங்கினால் எல்லாவற்றையும் மூடிவிடு,
வில்லைக்குப் பூஞ்சை பிடிக்கும்.
செருப்புப் பெட்டியில் வருகிற வெள்ளைப் பொட்டலங்களை
இனித் தூர எறியாதே.

அப்புறம் அந்த அருந்ததி.
உன் கல்யாணத்தில் காலை பதினொரு மணி வெயிலில்
பந்தலுக்கு வெளியே கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
தெரியுதா என்றார் ஐயர்.
நீ தெரியுது என்றாய். மாப்பிள்ளையும் தெரியுது என்றார்.
பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.
போன சித்திரையில்தான் நிஜமாகப் பார்த்தேன்.
ரவைக் கொத்து தெற்கே நிற்கிற அதே நேரம்
அருந்ததி வடக்கே, பாதி உயரத்தில்.
இருபத்தைந்தைப் போட்டேன்.
வசிஷ்டர் ஒருவர் இல்லை, சேர்மக்கனி.
இரண்டு பேர், உரசுகிற மாதிரி ஒட்டி.
அருந்ததி தள்ளி, தனியாக, சுத்தமாகத் தெரிந்தாள்.
நடுவில் மங்கலாய் இன்னொரு வெள்ளி.
அதை எந்த ஐயரும் எந்தப் பெண்ணுக்கும் காட்டியதில்லை.
உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன்,
மணி பத்தரை,
வைத்துவிட்டேன்.

பணம் கட்டுமுன் ஒரு தடவை வா.
அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை.
களக்காடு வழி பஸ் பிடித்து வள்ளியூரில் இறங்கு,
ஸ்கூட்டரில் வந்துவிடுவேன்.
கண்ணில் மை மட்டும் வேண்டாம்.
பொங்கலுக்கு வந்த நாத்தனார் மை
இன்னும் வில்லை ஓரத்தில் இருக்கிறது.
துடைக்கத் துடைக்க
எல்லா நட்சத்திரத்துக்கும் லேசாக ஒரு புகை.