ஏழு புள்ளி மூன்று வடக்கு

ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ
என்றிருந்த பலகையை ஈரத்துணியால் அழித்துவிட்டு
முந்தாநாள் சாயங்காலம்
எண்களை எழுதத் தொடங்கினேன்.
எட்டு புள்ளி ஒன்று வடக்கு.
எண்பத்திரண்டு கிழக்கு.
மூன்று மணிக்கொரு தடவை
அது நகர்ந்தது, சாக்பீஸ் தேய்ந்தது.

கூத்தங்குழி பாதி என் கடை வாசலில்.
வலைக்காரர்கள், ஐஸ்காரன், ஏலம் கூறும் லொரேன்ஸ்,
கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரகாசி அக்கா.
என் போனில் புயலுக்கு முன்னால்
வெள்ளையாய் ஒரு கூம்பு விரிந்து கிடந்தது.
"இந்த வெள்ளைக்குள்ள எங்கன வேணும்னாலும் போவும்" என்றேன்.
"அப்போ, எங்க போறோம்னு
அதுக்கே தெரியாதா?" என்றார் லொரேன்ஸ்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஒரு கணினி அதைத் தூத்துக்குடியில் ஏற்றியது.
ஒன்று, நேரே எங்கள் தலையில் வைத்தது.
மூன்றாவது
குமரிக்குக் கீழே சுற்றி
மேற்கே அனுப்பியது.
எல்லார் விரலும் மூன்றாவது கோட்டையே தடவின.
மீன்பிசுக்கு படிந்த திரையை
முந்தானையால் துடைத்துத் துடைத்துக் காட்டினேன்.

டிராக்டர் வள்ளங்களை ரோட்டுக்கு இழுத்தது.
கோயில் மைக்,
ரேஷன் கார்டு, பாய், பச்சைப்பிள்ளைக்குப் பால்பவுடர்
எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னது.
நடுவில்,
சாவி தொலைத்தவர் யாரென்றும் கேட்டது.

"மேக்க போயிரும்டி,
மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தியிருக்கேன்" என்றாள் பிரகாசி அக்கா.
"ஆமாக்கா" என்றேன்.

மேற்கே.
தோப்பும்படியில் ஐஸ் ஏற்றிப் போய்
பதினோரு நாளான போட்டில் ஒன்பது பேர்.
அதில் சலேத்தும், அவன் தம்பி கிளாட்வினும்.
கூப்பிட்டால் ஒரு மலையாளத்துப் பெண்
பரிதிக்குப் புறத்தாணு என்கிறாள்.
நல்ல குரல் அவளுக்கு.
பதினேழு தடவை கேட்டுவிட்டேன்.

ராத்திரி கூட்டம் கலைந்த பிறகு
ஷட்டரைப் பாதி இறக்கி
யாரும் பார்க்காத நேரம்
இரண்டாவது கோட்டில் பெருவிரலை வைத்தேன்.
எங்கள் தலைக்கு நேரே வரும் கோடு.
அதன் அடியில் என் வீடு இருந்தது.
பெஞ்சில் உறங்கும் என் மகன் ஷெர்வின் இருந்தான்.
பிரகாசி அக்காவின் ஓட்டுக்கூரை இருந்தது.
வைத்த விரலை
எடுக்க நேரமானது.

மழை பக்கவாட்டில் அடித்தது.
கரண்டு போனது.
விடியற்காலை மூன்றே காலுக்குக்
காற்றாலை வாட்ச்மேன் இசக்கிமுத்து கூப்பிட்டான்:
"அக்கா, சாயங்காலம் பூரா
வாடையப் பாத்து நின்ன காத்தாடி எல்லாம்
கொண்டலுக்குத் திரும்பிச்சு.
இப்போ தெக்கையும் பாக்கு.
நம்மளத் தாண்டிட்டு.
சந்தோசமா தூங்குங்க."

வெளிச்சம் வந்தபோது
இரண்டு தென்னை விழுந்திருந்தது.
வடக்குத் தெருவில் ஒரு கூரை தெருவிலேயே கிடந்தது.
அவ்வளவுதான்.
கோயில் மைக் நன்றிப் பாட்டைத் தப்பான வேகத்தில் போட்டது.
பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள்
சர்க்கார் பிரெட்டைக் கடித்துக்கொண்டு வந்தார்கள்.

பலகையில் எழுதினேன்.
ஏழு புள்ளி மூன்று வடக்கு.
எழுபத்தாறு புள்ளி எட்டு கிழக்கு.
நின்று பார்க்க ஆளில்லை.
ஒன்பது மணிக்கு மறுபடி அழித்து எழுதினேன்.

பிரகாசி அக்கா வந்தாள்.
எண்களைப் படித்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
மறுபடி எண்களை.
பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு
"ஏட்டி, நான் மேக்கன்னுல்லா கேட்டுட்டேன்" என்றாள்.
எனக்கு அவளிடம் சொல்ல ஒரு பெருவிரல் இருந்தது.
சொல்லவில்லை.

அவள் போன பிறகு
சலேத்து நம்பருக்கு
முந்நூறு ரூபாய் ஏற்றினேன்.
இன்னும் இருபது நாள் பாக்கியிருந்த நம்பர்தான்.
கொஞ்சநேரம் சுற்றிவிட்டுப் பச்சையாய் வந்தது:
ரீசார்ஜ் வெற்றி.