சோதனைப் படம்

டவுன்ஹால் ரோட்டில் ஜெய்லானி கடைக் கண்ணாடிக்குள்
மல்லாந்து கிடந்தது அது.
நாலு வருஷத்துக்கு முந்தின மாடல்.
"பீஸ் புதுசுக்கா, வயசுதான் பழசு."
ஆறாயிரத்து எண்ணூறு.

என் தோள்பையில் அப்போது
பீபிகுளத்து ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரின் ரத்தம்
மூன்று குழாய்களில்,
ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவே.
பன்னிரண்டுக்குள் லேபில் சேர்க்கணும்.
மணி பதினொன்று இருபது.

வீடு வீடாய் ரத்தம் எடுக்கிறவளுக்கு
போன் பேசுவதற்கு மட்டுமில்லை.
குழாயில் ஒட்டிய கோடுகளை அது படிக்கணும்.
படித்தால்தான் ரத்தத்துக்குப் பெயர் உண்டு.
என்னுடையது ஆனி மாதத்திலிருந்து
படிக்க மாட்டேன் என்கிறது.
ஆப் புதுசாகிவிட்டதாம்.

கொழுந்தன் முனீஸ் சொல்லியிருந்தான்:
பழசு வாங்காதீங்க மதினி,
ஒரு வருஷத்துல அதுக்கும் இதே கதை,
தவணையில புதுசு எடுங்க,
மாசம் ஆயிரத்து நூறுதான்.

அந்தத் 'தான்' எனக்குத் தெரியும்.
பிரிட்ஜுக்கு ஒரு தான்,
வண்டிக்கு ஒரு தான்,
மகனின் பாலிடெக்னிக்குக்கு இரண்டு தான்.

புரட்டிப் பார்த்தேன்.
ஓரத்தில் நகம் பட்டதுபோல் ஒரு கீறல்.
சார்ஜர் துளை பழைய மெல்லிசு.
வீட்டில் அந்த வயர் மூன்று கிடக்கிறது,
ஒன்று அவர் விட்டுப் போனது.
இயர்போனுக்கு ஓட்டைகூட இருந்தது.
"இனி வர்ற மாடலுக்குக் காது கிடையாதுக்கா."

கேமராவைப் பார்க்கலாமே என்று
போஸ்ட்மாஸ்டரின் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினேன்.
கோடுகளுக்குப் பதில் நான் வந்தேன்.
கீழேயிருந்து.
இரட்டை நாடி, மூக்குத் துளை,
தலைக்குப் பின்னே சுற்றும் மின்விசிறி.
பதறியதில் விரல் பட்டு
படமாகவும் ஆகிவிட்டது.

திருப்பிப் பிடித்தேன்.
ஒரு நொடி மங்கல்,
யோசிப்பதுபோல.
பிறகு படித்தது.
அந்த ஒரு நொடிக்கு ஐந்நூறு குறை என்றேன்.
முந்நூறு என்றான்.
மணி பதினொன்று நாற்பது.
ரத்தம் பேரத்துக்குக் காத்திருக்காது.
ஓடினேன்.

ராத்திரி செல்லூர் வீட்டில்
சாதம் வடிக்கும்போதுதான் உறைத்தது:
என் முகம் அங்கேயே இருக்கிறது.
யாரோ வாங்கிப்போய்
யாருடா இந்தப் பொம்பளை என்று
வீட்டில் காட்டிச் சிரிப்பார்கள்.
வாங்கவா வேண்டாமா என்பது போய்
அதை எப்படி அழிப்பது என்றே விடிந்தது.

ஷட்டர் தூக்கும் முன்னே போய் நின்றேன்.
"உசிலம்பட்டிலேருந்து ஒரு அண்ணன் பார்த்துட்டுப் போனாரு,
பணம் பொரட்டிட்டு வர்றேன்னாரு"
என்றபடியே எடுத்துக் கொடுத்தான்.

உள்ளே என் நாடி அப்படியே.
அதற்கடுத்து இன்னொரு படம்.
அதுவும் சோதனைக்கு எடுத்ததுதான்.
யாருடைய விரலோ பாதி மறைக்க, ஒரு பையன்,
பள்ளிச் சட்டை,
முன்பல் இல்லை,
இதைத்தான் வாங்கப்போகிறோம் என்ற முகம்.

என்னுடையதை அழித்தேன்.
வந்த வேலை முடிந்தது.
திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

ஐந்நூறு ரூபாய்த் தாள் பதின்மூன்று
எண்ணி வைத்தேன்.
"ரீசெட் போட்டுத் தரவாக்கா?"
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை,
நல்லவேளை.

மூன்று நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது
கேட்டேன், அந்த அண்ணன் வந்தாரா.
"வந்தாரு. வேற காட்டினேன். இதைவிடப் பழசு."
பையனும் வந்தானா?
ஜெய்லானிக்கு ஞாபகமில்லை.

இந்த வாரமும் பீபிகுளம்.
ஊசியை எடுத்துவிட்டுக்
குழாயின் மேல் போனை நீட்டுகிறேன்.
ஒரு நொடி மங்குகிறது.
"என்னம்மா, போன் பழசா?" என்கிறார் போஸ்ட்மாஸ்டர்
பஞ்சை அமுக்கிக்கொண்டே.
போன வாரம் வாங்கினது சார்
என்கிறேன்.