உதிரிப் பழம்

நாள் முழுக்கப் பழம் பார்க்கிறவள் நான்.
பீடோர் எண்ணெய் ஆலையின் சரிவு மேடையில்
லோரி முதுகைத் தூக்கிக் கொட்டியதும்
இரும்புக் கம்பியால் குலையைப் புரட்டி
பழுத்தது, காய், அழுகல் என்று சொல்ல வேண்டும்.
நுனி கறுத்து, அடி செம்மஞ்சளாகி,
பத்துப் பழமாவது தானாய் உதிர்ந்திருக்க வேண்டும்.
இல்லையென்றால் பச்சை. கழிவு. கையெழுத்து.
சுல்கிப்ளி திட்டிக்கொண்டே ரசீதை வாங்குவான்.

இரவு பத்து மணிக்கு
இஸ்திரி மேசையில் பூட்டுக் குறடைப் பொருத்தி
அதன் வாயில் முள்ளைக் கவ்வவைத்து
நான் ஒரு பொய்ப் பழம் செய்கிறேன்.

"சடக்கு முழுக்கப் பழம் கொட்டிக் கிடக்கு.
ஒண்ண எடுத்து முள்ளுல குத்துனா முடிஞ்சது"
என்கிறார் குணசீலன்.
முடியாது.
இந்தக் கோலை முன்னும் பின்னும் வீச வேண்டும்.
நிஜப் பழம் பாதிக் காற்றில் கழன்று
பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்தது, நள்ளிரவில்.

கோல்,
ஆலை விருந்துக் குலுக்கலில் எனக்கு விழுந்தது.
பிளெண்டருக்கு மாற்றிக்கொள்கிறாயா என்று
நாலு பேர் கேட்டார்கள்.

உடம்புக்கு ஜப்பான் சிலிப்பர், இடது கால்.
வலது காலை நாய் கொண்டுபோனது.
பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் உருட்டி,
வயிற்றைக் கீறி முள்ளைப் புதைத்து
ரவிக்கை நூலால் ஏழு சுற்று.
காம்பு இருந்த இடத்தில் மூன்று பனை நார்.
பளபளப்புக்கு நெயில் பாலிஷ்.
மினி மார்க்கெட்டில் ஹுய் மின்
எண்ணெய்க் கறை ஏறிய என் விரல்களைப் பார்த்தாள்.
"அக்கா, கல்யாணத்துக்கா?"
"பழத்துக்கு."

ஈயக்குட்டையில்
வெற்றிலை கேட்காத ஒரு பாக்கு இருக்கிறது.
யாரோ கண்ணாடித் தொட்டியில் வளர்த்து
பெருத்ததும் கொண்டுவந்து விட்ட மீன்.
மனுசப் பல். தட்டு அகலம்.
கரைச் செம்பனை உதிர்ப்பதைத் தின்றே
கிழடாகிக்கொண்டிருக்கிறது.

முதல் ஞாயிறு
என் பழத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.
பார்த்தது.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
தினம் எட்டு மணி நேரம் நான் பார்ப்பது.
வாலைத் திருப்பிப் போய்விட்டது.
அடுத்த வாரம் சிவப்பைக் கூட்டினேன்.
அதற்கடுத்த வாரம் கறுப்பை.
ஐந்தாவதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை, மழைக்கு முன்,
மேடையில் இருந்து ஒரு பழம் உருண்டு
அல்லூரில் விழுந்தது.
டுப்.
கம்பியும் கையுமாய் அப்படியே நின்றேன்.
என்னுடையது எல்லாம் சப்பென்று விழுந்தவை,
கன்னத்தில் அறைந்த மாதிரி.

அன்றிரவு பழைய வானொலியைப் பிரித்து
ஈயப் பற்றைச் சுரண்டி, உருட்டி,
பழத்தின் வயிற்றில் வைத்தேன்.
குளியலறையில் விளக்கை அணைத்துத்
தொட்டிக்குள் போட்டுக் காது கொடுத்தேன்.
கூட்டினேன். குறைத்தேன். மறுபடியும்.
கதவைத் தட்டினார்: "உள்ள என்னதான் பண்றே?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு வாசலுக்குப் போய்
நிஜப் பழம் ஒன்றைப் பொறுக்கி வந்தார்.

இருட்டில் அவர் போட, நான் சொல்ல:
இது நிஜம். இது பொய். இது பொய்.
இது நிஜம்.
"இல்ல" என்றார்,
எனக்குக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே.
பதினாறு வருசத்தில்
பழம் பார்த்து நான் தப்பிய ஒரே தடவை.
ஈரத் தரையில் உட்கார்ந்து
இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

ஞாயிறு.
டுப்.
தண்ணீர் உள்பக்கமாய் மடிந்தது.
கயிறு விரலைச் சுட்டுக்கொண்டு ஓடி
திடீரென்று தொய்ந்தது.
இழுத்துப் பார்த்தால் பாதிப் பழம் இல்லை.
மீதியில் பல் வரிசை,
குழந்தை கடித்துவைத்த பிஸ்கட் போல.
முள் நேராகியிருந்தது.

"போச்சே" என்றார் குணசீலன்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திங்கள். சுல்கிப்ளியின் லோரியில்
பதினொரு குலை பச்சை. எழுதினேன்.
ரசீதை நீட்டிய கையில்
கட்டைவிரல் நகம் மட்டும் சிவப்பாய் இருந்தது,
முந்தின இரவு அடுத்த பழத்துக்குப் பூசுகையில் வழிந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்,
திட்ட வாயெடுத்தவன்.