சொடக்கு

முதல் முறை கேட்டபோது இரவு பதினொன்றே கால்.
ஔனே ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள்:
"இது ஏரியுடையதா, உன்னுடையதா?"

கல்லவெசி ஏரி உறைந்து மூன்று வாரம்.
பனிக்கட்டியைத் துளைத்து, அடியில் மைக்கை இறக்கி
அவள் பிடித்து வந்த நாற்பது நிமிடம்
ரெக்கார்டரிலிருந்து ஒயர் வழியாக
என் கணினிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
(ரெக்கார்டரின் கார்டு வாய் உடைந்து ஒரு வருடம்.)

என் கணினி, பெட்டியில் அச்சிட்ட வேகத்தைவிட
வேகமாக ஓடுவது.
ஓடவைத்தவன் நான்.
போன ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்து
கையுறை போட்ட விரல்களால்
எண்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
மைனஸ் இருபது டிகிரியை விசிறிகள் குடித்தன.

பனிக்கட்டி முனகும், ஔனே சொல்வாள்,
இழுத்துக் கட்டிய கம்பிபோல் கூவும்,
சில நேரம் சொடக்கும் போடும்.
இது சொடக்கு.
பெயர் சொல்லாமல் யாரோ யாரையோ கூப்பிடுவது.

யூஎஸ்பி கேபிளை மாற்றினேன்,
கீழ்வீட்டு ரெய்யோவிடம் கடன் வாங்கி.
டப்.
டிரைவரை அழித்துப் பழையதை ஏற்றினேன்.
டப்.
வைஃபையின் கழுத்தைத் திருகினேன்,
மின்சிக்கன ஏற்பாடுகளை எல்லாம் அணைத்தேன்,
பஃபரை ஆயிரத்துச் சொச்சத்துக்கு அகட்டினேன்.
நீண்ட அமைதி.
காபி ஊற்ற எழுந்தேன்.
டப்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை கெடு.
அதனால் அந்த இரவே உட்கார்ந்து
பதிவான சொடக்குகளைக் களையெடுத்தேன்.
நாற்பத்தொன்று.
சுத்தமாக இருக்கிறது பார், என்றேன்.
அவள் முழுவதும் கேட்டாள்.
"சுத்தமாகத்தான் இருக்கிறது" என்றாள்,
வேறெதுவும் சொல்லவில்லை.

நினைவகத்துக்கு எட்டு மணி நேரத் தேர்வு வைத்தேன்.
பிழை பூஜ்யம்.
செயலிக்கு ஒரு முழு இரவு.
பூஜ்யம்.
இத்தனை பூஜ்யங்களைக் கையில் வைத்துக்கொண்டு
யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஆலையில் இரவுப் பணி முடிந்து
பஸ்ஸில் தூங்கி வழிந்தபோதுதான் உறைத்தது.
செயலிக்குள்ளே, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே
ஒரு பாதை இருக்கிறது.
அதையும் நான் விரட்டியிருந்தேன்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு.
அங்கே ஒரு சேதி தடுக்கி விழுந்தால்
யாரிடமும் சொல்லாது,
முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து
திரும்ப ஒருமுறை ஓடும்.
கணக்குக்கு அதில் நட்டமில்லை,
தாமதமாக வந்த விடையும் விடைதான்.
ஒலிக்குத்தான்
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு பொறு என்றால்
அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிடும்.
தேர்வுகள் விடையைத் திருத்துகின்றன.
மூச்சிரைப்பதை அவை கேட்பதில்லை.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறு.
குறைந்தது, நிற்கவில்லை.
ஆயிரத்து எண்ணூறு.
கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு மணி நேரம்
வெறும் மௌனத்தை ஓடவிட்டுக் கேட்டேன்.
பழைய எண்ணைப் படம் பிடித்து
ஆலையில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.
அது போனில் இன்னும் இருக்கிறது.

பிறகு ஏரியை மறுபடி முதலிலிருந்து இறக்கினோம்.
ஔனே ரொட்டி உறையைக் கிழித்து
பின்புறத்தில் நேரம் குறித்தாள்.
ஏழு பன்னிரண்டு.
ஏழு பதின்மூன்று, இரண்டு.
பத்தொன்பது நாற்பது.
நான் களைந்த நாற்பத்தொன்றில்
பதின்மூன்று திரும்பி வந்திருந்தன,
அதே இடத்தில், அதே கூர்மையோடு.
பனிக்கட்டி தன் எலும்பை நெட்டி முறித்த பதின்மூன்று இடம்.
அன்றைக்கு அவள் பேசாமல் இருந்தது
இதற்காகத்தான் என்று இப்போது தெரிந்தது.
மன்னிப்பைப் போன்ற ஏதோ ஒன்றைத் தொடங்கினேன்.
"ஷ்ஷ்" என்றாள்.
இன்னும் ஒன்பது நிமிடம் பாக்கி.

முப்பத்தோராம் நிமிடம், ஐந்தாம் நொடி.
டப்.
முதல் பதிவில் இல்லாத ஒன்று.

அவள் கேட்பதற்குள்
"என்னுடையது" என்றேன்.
கணினியை அணைத்துத் திரும்பத் தட்டி எழுப்பினேன்,
டெலிட் விசையை அழுத்திப் பிடித்தபடி.
கறுப்புத் திரை விடிவதற்குக் கொஞ்சம் நேரமாகும்.