இரண்டு கணு ஆழம்

மோதிர விரலில் கேட்டது அந்தச் சத்தம்.
காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல,
ஆனால் தோலுக்கு உள்ளே.
கீழே கயிறு பிடித்திருந்த ஓத்தகார்
"கல்லா உடைந்தது?" என்று கத்தினான்.
இல்லை என்றேன்.
பதினாறு மீட்டர் உயரத்தில்
அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது.

எங்கள் பொஹீமிய மணற்பாறைக் கோபுரங்களில்
இடுக்குகளில் இரும்பு செருகக் கூடாது.
கையில் வெள்ளைப் பொடி கூடாது.
துணிக் கயிற்றின் முடிச்சைப் பிளவுக்குள் திணித்து
அதை நம்பித்தான் ஏற வேண்டும்.
மழைக்குப் பிறகு அதுவும் கூடாது.
நனைந்த கல்
தேநீரில் தோய்த்த பிஸ்கட்,
கையோடு வந்துவிடும்.
எட்டு வயதிலிருந்தே தெரியும் எனக்கு.
ஈரத்தில் ஏறிய இரண்டு பேரை
போன செப்டம்பரில்
தொண்டை கிழியத் திட்டி இறக்கியவள் நான்.

விரலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று
யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

மூன்று வாரமாகவே வலித்தது.
பேக்கரியில் இரவு இரண்டு மணிக்கு
கம்பு மாவு பிசையும்போது,
ஜாடி மூடியைத் திருகும்போது,
ஒன்றுமே செய்யாதபோதும்.
டேப்பை இறுக்கிச் சுற்றி
அந்த விரலைப் பார்க்காமலிருக்கப் பழகினேன்.
சொன்னால் ஓத்தகார்
லுத்மிலாவைக் கூட்டிக்கொண்டு போவான்.
அவ்வளவுதான் காரணம்.
வீரம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம்.

நாஹோத் மருத்துவமனையில்
கருப்பு வெள்ளைத் திரையைக் காட்டி
டாக்டர் சொன்னார்:
தசைநாணை எலும்போடு அணைத்திருந்த வளையம்
அறுந்துவிட்டது. எட்டு வாரம்.
ஐந்தாவது வாரத்தில் ஏறினேன்.
அந்த நாளைப் பற்றி எழுதப் போவதில்லை.
மறுபடி எட்டு வாரம்.
இந்த முறை டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
காலண்டரைப் பார்த்தார்.

மேஸ்திரி பொர்ஷிவோய்
பிசைகிற மேடையிலிருந்து என்னை
ஆற வைக்கும் அலமாரிக்கு மாற்றினார்.
ஒற்றைக் கையால் தட்டுகளை நகர்த்துவது,
மணி பார்ப்பது, யாரும் கத்தி வைக்காமல் காப்பது.
சூட்டில் அறுத்தால் ரொட்டி உள்ளே பிசுபிசுக்கும்.
பதினோரு வருடமாகப் புது ஆட்களுக்கு
நான் சொல்லிக்கொடுத்த பாடம்.
ஆக்கப் பொறுத்தவளுக்கு
ஆறத்தான் பொறுக்கவில்லை.
அலமாரி ஓரத்தில் நின்று
தனியாகச் சிரித்தேன்.
கொஞ்சம் அழவும் செய்தேன்;
மாவுத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல். மழை நின்று இரண்டு நாள்.
கோபுரம் வெயிலில் மஞ்சளாக நின்றது.
ஓத்தகார் உள்ளங்கையால் தடவி
"காய்ந்துவிட்டது" என்றான்.
அடிவாரத்து மணலில்
அந்த விரலை விட்டேன்.
இனி அது முழுதாக மடங்காது;
தோண்டுவதற்கு வசதிதான்.
மேலே வெதுவெதுப்பு.
முதல் கணுவரை பொடிப்பொடியாக உதிர்ந்தது.
இரண்டாவது கணுவில்
சில்லென்றது.

"இன்றைக்கு வேண்டாம்" என்றேன்.
அவன் கயிற்றுச் சுருளை
தோளிலிருந்து இறக்கவேயில்லை.
"மணலா, விரலா?"

ஒரு மரங்கொத்தி எங்கோ தட்டிக்கொண்டிருந்தது.
"இரண்டும். வலிக்கிறது.
போன வசந்தத்திலிருந்தே
உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன்."

அவன் கோபப்பட்டான்.
நியாயம்தான்.
பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.
பையிலிருந்து ரொட்டியை எடுத்தேன்,
நேற்று இரவு சுட்டது,
கத்தியை அவனிடம் நீட்டினேன்.
பேசாமல் வாங்கி
தடிமனாக இரண்டு துண்டு அறுத்தான்.