பலன்ஸ் குமிழ்

கறுவாத்தோட்டத்தில் ஒரு வீடு கைமாறிவிட்டது.
உள்ளே இருந்ததெல்லாம்
ஞாயிறு பத்தரைக்கு ஏலம்.

கதிரைகளின் முதுகில் இலக்கத்துண்டு.
குளியல் தொட்டிக்குள் நான்கு மின்விசிறி.
கொட்டாஞ்சேனையிலிருந்து நான் கொண்டுபோனது
ஒரு டோர்ச், ஒரு மெல்லிய ஸ்குரூ ட்ரைவர்,
உள்பையில் நாற்பதாயிரம்,
அதில் பதினைந்து கடை வாடகைக்கானது.

இலக்கம் நாற்பத்தொன்று:
வால்வு அம்ப்ளிபயர் ஒன்று,
மூடி வெடித்த தட்டுச்சுழலி ஒன்று,
இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு,
தேயிலைப் பெட்டி மூன்று நிறைய ரெக்கோர்ட்.
பைலா, வால்ட்ஸ், தேவாலய ஓர்கன்,
நத்தார் பாட்டு,
எப்படியோ வந்து சேர்ந்த ஒரு நாதஸ்வரம்.
ஊசிக்கை சாயும் குழியில்
பல்லி முட்டை இரண்டு.

பஞ்சிகாவத்தை மிஃப்லால்
ட்ரான்ஸ்போமரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான்.
"நாலு கிலோ செம்பு" என்றான்.
அதற்குமேல் பேசவில்லை.
இருபத்தாறு வரை கை தூக்கினான்,
இருபத்தேழில் தொலைபேசி அடித்தது,
எழுந்து வெளியே போனான்.
எகய், தெகய் என்று எண்ணி
துனய்க்கு முன்னால் தும்மினார் ஏலக்காரர்.
அந்தத் தும்மலுக்குள் என் பயம் முழுவதும் இருந்தது.
பிறகு சுத்தியல்.

தூக்கும்போதுதான் கண்டேன்,
பலன்ஸ் குமிழ் இடது கோடியில் நின்றது.
அசைத்தேன்.
அசையவில்லை.
அடியில் பச்சை பூத்திருந்தது.

ஓட்டோவுக்குக் கதவு பிடித்த பெண்
மெல்பேர்னிலிருந்து வந்த மகள், ஷெரில் வெர்க்மீஸ்டர்.
"டடிக்கு வலக்காது கேட்காது" என்றாள்.
"தொண்ணூற்றாறு ஜனவரி, கோட்டையில்.
அலுவலகக் கண்ணாடியெல்லாம் அந்தப் பக்கத்தால்தான் உள்ளே வந்தது."
சொல்லும்போது தன் வலக்காதைத்
தொட்டுக்கொண்டாள்.
பிறகு அந்த மின்விசிறிகள்
எவ்வளவுக்குப் போயின என்று விசாரித்தாள்.

கடையில் இறக்கி வைத்துப் பார்த்தேன்.
வலது ஸ்பீக்கரின் தலையில் பூச்சாடி வட்டங்கள்,
ஒன்றின்மேல் ஒன்று.
இடதின் துணியில், ஓரமாய்,
தலை சாய்த்துச் சாய்த்து ஏறிய
எண்ணெய்க் கறை.

சரி, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று
தூசி தட்டியபோது
குமிழுக்குப் பக்கத்திலேயே
மோனோ பொத்தான்.
எழுத்துக்கூட அழியாமல் புதிதாக.
அழுத்தியிருந்தால்
இரண்டு பக்கப் பாட்டும் ஒன்றாய்க் கலந்து
மிஞ்சிய காதுக்கே வந்திருக்கும்.
இந்தத் தொழிலில் நேற்று வந்த பொடியனும் சொல்வான்.

தெரியாமல் இருந்திருப்பாரா?
இரண்டாம் தேயிலைப் பெட்டியின் அடியில்
பாவனைக் கைநூல்.
ஒன்பதாம் பக்கம்.
அந்தப் பொத்தான் பற்றிய பந்திக்குக் கீழே
பென்சில் கோடு, அளவுகோல் வைத்து.
ஓரத்தில் சின்னதாய், அமைதியாய்
ஒரு பெருக்கல் குறி.

இரவு, கதவைச் சாத்திவிட்டு
முதலில் அவர் கேட்டபடியே கேட்டேன்.
ஒரு வால்ட்ஸ்:
மேளம் இருக்கிறது, அக்கோடியன் இருக்கிறது,
யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
பாடுகிறவள் இல்லை.
அவளுக்கென்று விட்ட இடம் மட்டும்
வரிக்கு வரி
ஒழுங்காக வந்துபோகிறது.

எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து
குமிழை நடுவுக்குத் திருப்பினேன்.
வலது பக்கம் இரண்டு முறை கரகரத்தது.
பிறகு அவள் வந்தாள்.
இவ்வளவு காலம் அடுத்த அறையில்
சேலை மடித்துக்கொண்டிருந்தவள் போல
எந்த அவசரமும் இல்லாமல்,
பாட்டின் பாதியிலிருந்து.

மூன்று கிழமையில் தெஹிவளையிலிருந்து ஒருவர்
எண்பத்தையாயிரத்துக்கு எடுத்தார்.
"ரெண்டு பக்கமும் வேலை செய்யுமா?"
செய்யும் என்றேன்.
ரெக்கோர்ட், வயர், உதிரி வால்வு
எல்லாம் கட்டிக் கொடுத்தேன்.
கைநூல் எங்கே என்றார்.
ஏலத்திலேயே வரவில்லை என்றேன்.